ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

நடுவீதியில் கார் நின்றுவிட்டால், இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், மெக்கானிக் வருவதற்கு முன்பே ஆலோசனை வந்து சேர்ந்துவிடும். கச்சான் காற்று நெருப்பாக வீசிய ஆடி மாதத்து நடுப்பகல். கல்முனையில் சாமான் வாங்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கம்போல உற்சாகமாகச் சுற்றியது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினாலும் அதே கதை. சற்று நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டம். வெற்றிலைக் கடைக்காரர் பற்றரி போய்விட்டது என்றார். முச்சக்கரவண்டிக்காரத் தம்பி பிளக் என்றார். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், "எல்லாரும் ஒரு கை கொடுங்கள், தள்ளினால் பிடித்துவிடும்" என்று காரின் பின்னால் போய் நின்றும்விட்டார்.

வெயிலில் நின்று உதவ வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மூன்று ஆலோசனைகளையும் ஒதுக்கிவைக்கச் சாவியைத் திருப்பியபோது கேட்ட சத்தமே போதும். பற்றரி இறங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். விறுவிறுப்பாகச் சுற்றுகிறது என்றால் பற்றரியும் அதன் முனைகளும் ஸ்டார்ட்டரும் தங்கள் வேலையை முடித்துவிட்டன. தள்ளுவதும் ஸ்டார்ட்டர் செய்கிற வேலையையே சக்கரங்களின் வழியாகச் செய்வதுதான். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையை நாலு பேரின் வியர்வையால் இன்னொரு தடவை செய்து என்ன பயன்? போதாக்குறைக்கு என்னுடையது ஆட்டோமற்றிக் கியர். பொத்துவில் வரை தள்ளினாலும் எஞ்சின் சுழலாது. பிளக்கைப் பொறுத்தவரை, அரை மணி நேரத்துக்கு முன்வரை ஒழுங்காக ஓடிய காரில் நான்கு பிளக்குகளும் ஒரே கடை வாசலில் ஒன்றாகச் சாவது நடக்கிற காரியமல்ல.

கடைசியில் காரை இழுத்துச் சென்று ஒரு கராஜில் விட்டோம். அங்கே முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவர்கள் முதல் வேலையாகப் பற்றரியின் முனையைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். பிறகு பெற்றோல் பம்ப் பலவீனம் என்று சொல்லிப் புதிய பம்ப் போட்டார்கள். சொன்ன காரணமும் நம்பும்படி இருந்தது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தபோது, இங்கே பலருடைய டாங்கி மாதக்கணக்கில் அடிமட்டத்திலேயே கிடந்தது. பம்ப் டாங்கிக்குள் பெற்றோலில் மூழ்கியிருக்கிறது. அந்தப் பெற்றோல்தான் அதைக் குளிர்விக்கிறது. வற்றிய டாங்கியில் ஓடிய பம்ப் சீக்கிரம் தேய்வது உண்மை. கான்களில் சேமித்து ஊற்றிய பெற்றோலோடு துருவும் தண்ணீரும் போனதும் உண்மை. எல்லாம் உண்மை, என் காருக்கு மட்டும் அது பொருந்தவில்லை. சில வாரங்கள் நன்றாக ஓடிவிட்டு, இன்னொரு வெயில் நாளில் களுவாஞ்சிகுடி பஸ் நிலையத்துக்கு அருகில் பழையபடி அடம்பிடித்தது.

சூட்டில் வந்து, ஆறியதும் மறையும் குறைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது மறைந்திருக்கும் நேரத்தில் நீங்கள் எதைச் செய்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். பற்றரி முனையைத் துடைத்தால் துடைத்ததால் சரியானது. பம்ப் மாற்றினால் பம்ப்பால் சரியானது. வீதியோரப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். உண்மையில் கார் ஆறியதால்தான் ஓடியது. ஓடுகிற காரில் ஓடாத காரணத்தைத் தேட முடியாது. கராஜுக்கு இழுத்துப்போகும் அந்த நேரத்திலேயே சாட்சி கலைந்துவிடுகிறது. பற்றரி முனையைக் கழற்றுவது இன்னும் மோசம்: என்ன குறை என்று காட்டும் குறியீடு ஏதாவதை எஞ்சின் கணினி பதிந்து வைத்திருந்தால், பல கார்களில் அதுவும் அழிந்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் காத்தான்குடியில் வாகன மின்வேலை செய்யும் ஒரு காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பொனட்டை அவர் திறக்கவேயில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்விகள் கேட்டார். காலையில் இப்படி வந்திருக்கிறதா? ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, நிறுத்திய பிறகு பிடிக்கவில்லையா? நிறுத்தி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு? ஸ்டார்ட்டரை அடிக்கும்போது, எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அசைகிறதா? சைலன்சர் பக்கம் பெற்றோல் மணக்கிறதா? முதல் மூன்று கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருந்தது. மற்ற இரண்டையும் கராஜில் எவரும் கேட்கவில்லை.

"தம்பி, இப்போது இதில் நான் கை வைத்தால் உங்கள் காசுதான் போகும். அடுத்த முறை நிற்கும்போது காரை இழுக்கவிடாதீர்கள். நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு எனக்கு அழையுங்கள்" என்றார். எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கூலி வாங்கவில்லை, தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தார்.

அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் காது. நல்ல எஞ்சினை ஸ்டார்ட்டர் சுற்றும்போது சத்தம் ஒரு தாளத்தோடு ஏறி இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அழுத்தப்படும்போது ஸ்டார்ட்டர் சற்றுத் திணறுவதால் வரும் தாளம் அது. எந்தத் தடையுமில்லாமல் 'விர்ர்' என்று ஒரே சீராகச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது உடனே நிறுத்திவிடவேண்டும். சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். தொடர்ந்து சுற்றுவது செலவைத்தான் கூட்டும். சத்தம் சோம்பலாக இருந்தால் மல்டிமீற்றரை எடுங்கள். நிரம்பிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், மோட்டார் எப்படியோ சுற்றினாலும் எஞ்சின் கணினிக்கும் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம். வெற்றிலைக் கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கக்கூடிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

அடுத்தது டாஷ்போர்ட். ஸ்டார்ட்டரை அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பினால் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியவேண்டும். அது எரியாவிட்டால் கணினிக்கே மின்சாரம் போகவில்லை என்று சந்தேகிக்கவேண்டும். மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான பிரதான ரிலேயும் பியூஸும்தான் முதலில் பார்க்கவேண்டியவை. சாவி அல்லது பூட்டுப் படம் உள்ள விளக்கு விடாமல் மின்னினால் கார் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று கொள்ளலாம். வீட்டிலிருக்கும் மற்றச் சாவியை வரவழைத்துப் பாருங்கள். அதற்கு முன் எதையும் கழற்றவேண்டாம்.

பிறகு பம்ப். பல கார்களில் சாவியை ஆனில் வைத்ததும் பின் இருக்கைக்குக் கீழிருந்து இரண்டு விநாடியளவு மெல்லிய ரீங்காரம் வரும். கல்முனை வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துப் பறக்கும்போது அது கேட்காது; ஒருவரைப் பெற்றோல் ஊற்றும் வாயில் காது வைக்கச் சொல்லுங்கள். சத்தமே வராவிட்டால் பியூஸைப் பாருங்கள். பிறகு ஹோர்ன் ரிலே அதே இலக்கமுடையதாக இருந்தால் அதைக் கழற்றிப் பம்ப் ரிலேயின் இடத்தில் போட்டுப் பாருங்கள். காசில்லாத சோதனை. டாங்கியின் அடிப்பக்கத்தைக் கையால் தட்டியதும் பிடித்தால் அந்தப் பம்ப்பின் காலம் முடிகிறது.

இதில்தான் என் காரின் குட்டு இருந்தது. பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில், முதல் இரண்டு விநாடிக்குப் பிறகு பம்ப் தொடர்ந்து ஓடவேண்டுமானால் எஞ்சின் சுழல்கிறது என்று கணினிக்குத் தெரியவேண்டும். அதைத் தெரிவிப்பது எஞ்சினின் சுழல்தண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிராங்க் சென்சர். அது பேசாவிட்டால் கணினி பம்ப்பை ஓடவிடாது, இன்ஜெக்டரைத் திறக்காது, பிளக்கில் பொறியும் கொடுக்காது. எங்கள் மட்டக்களப்புக் கூத்தில், ஆட்டத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் நின்றால் களரியில் அத்தனை பேர் இருந்தும் ஒரு கால் அசையாது, அதுபோலத்தான் இது. ஸ்டார்ட்டரை அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று கண்டால், பம்ப் செத்ததா, ஓடச்சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பம்ப்பின் இணைப்பில் மின்சாரம் வருகிறதா என்று ஒரு சோதனை விளக்கால் தொட்டுப் பார்த்தால் போதும்.

எனக்குச் சந்தர்ப்பம் அக்கரைப்பற்றில் கிடைத்தது. திருக்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்தால், கார் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உடன் வந்த அம்மாவுக்கு அந்த மகிழ்ச்சியின் காரணம் விளங்கவில்லை.

எஞ்சின் விளக்கு எரிந்தது. சாவி விளக்கு மின்னவில்லை. ஆனில் வைத்தபோது பம்ப் இரண்டு விநாடி பாடியது. ஸ்டார்ட்டரை அடித்தபோது சைலன்சரில் பெற்றோல் வாடை துளியும் இல்லை, ஆர்.பி.எம். முள் அடியிலேயே படுத்திருந்தது. முள்ளை நம்புவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: சில கார்களில் நல்ல நாளிலும் ஸ்டார்ட்டர் சுற்றும்போது முள் அசையாது. ஆகவே கார் ஒழுங்காக இருக்கும் ஒரு காலையில், ஸ்டார்ட் செய்வதை டாஷ்போர்ட் தெரியக் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காக்கா சொல்லி நான் எடுத்து வைத்திருந்த படத்தில் முள் சற்றே துள்ளியிருந்தது. எஞ்சின் கணினி சொல்வதைப் படித்துக் கைப்பேசிக்குப் புளூடூத்தில் அனுப்பும் சிறிய ஓ.பி.டி. ரீடரும் என்னிடம் இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அதில் ஆர்.பி.எம். 200 அளவில் ஓர் எண் வரவேண்டும். வந்தது பூச்சியம். அந்தக் கணத்தில் குறியீடு ஏதும் பதிவாகியிருக்கவில்லை. கிராங்க் சென்சருக்கான பி 0335 வரும் என்று காத்திருந்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கார்கள் சிலவற்றோடு இந்த மலிவான ரீடர்கள் பேசமாட்டா என்பதையும் வாங்குமுன் அறிந்துகொள்ளுங்கள்.

காக்காவுக்கு அழைத்தேன். பொறியும் பெற்றோலும் ஒன்றாகக் காணாமல் போயிருந்தால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத்தான் பிடிக்கவேண்டும் என்றார். சென்சர் இருக்கும் இடத்தைச் சொல்லி, கடையில் ஒரு குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் வாங்கித் துணியை நனைத்து அதன்மேல் வைக்கச் சொன்னார். சாவியை வெளியே எடுத்துவிட்டு, கை சுடாமல் பார்த்து வைத்தேன். சில நிமிடங்களில் துணியை எடுத்துவிட்டுத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது.

ஓடும்போது வராத குறை, நிறுத்தித் தேநீர் குடிக்கும் நேரத்தில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும் தண்ணீர்ச் சுற்றோட்டமும் முன்னாலிருந்து வரும் காற்றும் நின்றுவிடுகின்றன. ஆனால் இரும்புக்குள் இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதனால் நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில் எஞ்சினை ஒட்டியுள்ள பாகங்கள் ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடேறும். இரண்டு வயர் சென்சருக்குள் இருப்பது தலைமயிரளவு மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். அதில் ஒரு வெடிப்பு இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறியதும் மறுபடி ஒட்டும். ஆறிய சென்சரை மீற்றரில் அளந்துவிட்டு 'நல்லது' என்று சொன்னால் அந்த அளவைக்குப் பெறுமதியில்லை. மூன்று வயர் வகையில் பெரும்பாலானவற்றை ஓமில் அளப்பதே பொருந்தாது. அவற்றுக்குள் இருப்பது வெறும் சுருள் அல்ல, சிறு மின்னணுச் சுற்று.

சென்சரைக் கழற்றுமுன் காக்கா அதன் இணைப்பை உருவிப் பார்த்தார். கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் எங்களுக்கு அது அவசியமான வேலை. உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பிடிக்கும். எத்தனையோ நல்ல சென்சர்கள் அந்தப் பச்சைக்காகக் குப்பைக்குப் போயிருக்கின்றன. என் காரில் முனைகள் சுத்தமாக இருந்தன. புதியதென்று கடையில் காட்டியது பாக இலக்கமே இல்லாத பெட்டியில் இருந்தது. காக்கா அதை வாங்கவிடவில்லை. பாவித்த வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் மூலம், பாவித்த ஆனால் அசலான ஒன்றைப் பஸ்ஸில் வரவழைத்துப் பூட்டினார். பம்ப்புக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

வேறு சில சங்கதிகளையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் சிலர் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்து காற்றுக் குழாய்க்குள் ஊற்றி அடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து இடங்கொடுக்காதீர்கள், எஞ்சின் பின்பக்கமாக ஒரு முறை தும்மினால் அவர் முகமும் காரும் சேர்ந்து எரியும். அதே சோதனையைக் கார்புரேற்றர் சுத்தப்படுத்தும் ஸ்பிரேயைக் காற்று வடிகட்டிக்குப் பின்னால் ஒரு சிறு வீச்சு அடித்து, குழாயை மூடிவிட்டுச் செய்யலாம். இரண்டு விநாடி ஓடி நின்றால் பொறி இருக்கிறது, பெற்றோல்தான் இல்லை. டீசல் வாகனத்தில் இதைச் செய்யவே கூடாது. பொறியைப் பார்க்கும்போது பம்ப் பியூஸைக் கழற்றிவிடுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உடலில் நன்றாகத் தொட்டிருக்கட்டும், கையால் பிடிக்கவேண்டாம். 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும் இடம் அது. ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாக அடிக்கக்கூடாது. இடையில் ஆறவிடாவிட்டால் இரண்டாவது குறையும் சேர்ந்துவிடும்.

கழுவுவதற்காகக் காரை நாலடி நகர்த்தி உடனே நிறுத்திவிட்டு, மறுநாள் பிடிக்கவில்லை என்பவர்கள் பலர். பிளக் பெற்றோலில் நனைந்திருக்கும். எக்சிலேற்றரை முழுவதும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அடித்தால் அநேக கார்களில் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். பிளக் காய்ந்து பிடிக்கும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்கள் நிறைந்த படுவான்கரையில் வேளாண்மை வெட்டும் காலத்தில் எலியை மறக்கக்கூடாது. கொக்கட்டிச்சோலையில் இருக்கும் மச்சானின் காரில் இன்ஜெக்டருக்குப் போகும் வயர்களைக் கடித்துப் பொனட்டுக்குள் வைக்கோலும் சேர்த்து வைத்திருந்தது ஒன்று. ஸ்கேனர் எதுவும் தேவைப்படவில்லை. பொனட்டைத் திறந்து டோர்ச் அடித்ததும் தெரிந்தது.

மாரியில் வெள்ளத்துக்குள் போய் நின்ற காருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதன் சாவியைத் தொடாதீர்கள். காற்றுக் குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் நசுங்காது. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்திலேயே பிஸ்டனோடு இணைந்த கொனெக்டிங் ரொட் வளையலாம். எல்லாப் பிளக்குகளையும் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுற்றவேண்டும். வடகீழ்ப் பருவமழை ஒவ்வொரு வருடமும் வருகிறது, ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் தண்ணீருக்குள் நின்றபடி சாவியைத் திருப்புகிறார்.

என் கார் அதற்குப் பிறகு சூட்டில் நின்றதில்லை. அண்மைக் காலமாகக் காலையில் மட்டும் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகச் சுற்றிய பிறகே பிடிக்கிறது. சாவியை ஆனில் வைத்து, பம்ப் ஓடி நின்றதும் அணைத்து, மறுபடி ஆனில் வைத்து அடித்தால் உடனே பிடிக்கிறது. அப்படியென்றால் இரவில் குழாயிலுள்ள பெற்றோல் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. இன்ஜெக்டர் ஏதாவது ஒழுகலாம், அல்லது பெற்றோல் திரும்பி ஓடாமல் பம்ப்புக்குள் தடுக்கும் சிறு வால்வு கசியலாம். காக்கா அடுத்த கிழமை அழுத்தமானியைப் பூட்டி ஓர் இரவு விட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தேகம் அந்தப் புதிய பம்ப்மேல்தான். கழற்றி எறிந்த பழைய பம்ப்பில் இந்தக் குறை இருக்கவில்லை.